கூலியில் பிடித்தம்

கன்சாஸ் மாநிலம் பான்கேக்கைவிடத் தட்டையானது என்று 2003-ல் மூன்று ஆய்வாளர்கள் நிரூபித்தார்கள். கடையில் வாங்கிய ஒரு பான்கேக்கின் மேற்பரப்பை லேசர் நுண்ணோக்கியால் அளந்து, மாநிலத்தின் நில உயரக் கணக்கோடு ஒப்பிட்டு, வேடிக்கை ஆய்வுகளுக்கென்றே நடக்கும் ஓர் இதழில் வெளியிட்டார்கள். சிரித்துவிட்டு விட்டிருக்கலாம். கன்சாஸ்காரர்களுக்கு மனசு ஆறவில்லை போலும். அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய இரண்டு புவியியலாளர்கள் எல்லா மாநிலங்களையும் முறையாக அளந்து 2014-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதன்படி தட்டையில் முதலிடம் ஃபுளோரிடாவுக்கு. கன்சாஸுக்கு ஏழாவது இடம்.

சைக்கிளில் அந்த மாநிலத்தைக் கடப்பவருக்கு இரண்டு ஆய்வுமே உதவாது. மேற்கு எல்லையில் 1,200 மீட்டருக்கு மேல் இருக்கும் தரை, தென்கிழக்கு மூலையில் ஏறக்குறைய 200 மீட்டருக்கு இறங்கிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் இறக்கம்! அதை அறுநூறு கி.மீ.க்கு மேல் இழுத்துப் பரப்பியிருப்பதால் கண்ணுக்கும் தெரியாது, காலுக்கும் தெரியாது. காலுக்குத் தெரிவது காற்று.

அமெரிக்க விடுதலையின் 200-ஆம் ஆண்டை ஒட்டி 1976-ல் நாட்டின் குறுக்கே ஒரு பெரிய சைக்கிள் பயணம் நடந்தது. நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். அவர்களில் பாதிப் பேர் அளவுக்கு முழுத் தூரத்தையும் மிதித்தார்கள். பசிபிக் பக்கம் ஓரிகனிலிருந்து அட்லாண்டிக் பக்கம் வர்ஜீனியாவின் யார்க்டவுன் வரை, சுமார் 6,800 கி.மீ. அப்போது வகுத்த பாதைதான் இன்றும் டிரான்ஸ்அமெரிக்கா டிரெயில் என்று வழங்குகிறது. மொன்டானா மாநிலத்தின் மிசூலா நகரில் இருக்கும் அட்வென்சர் சைக்கிளிங் அசோசியேஷன் அதற்கு வரைபடம் அச்சிட்டு விற்கிறது. மேற்கிலிருந்து வருகிறவர்கள் ராக்கி மலையை ஏறி இறங்கி, கொலராடோவின் ப்யூப்லோ நகரைத் தாண்டியதும் சமவெளி தொடங்குகிறது. மலை முடிந்தது, இனி மிதித்தால் போதும் என்று பெருமூச்சு விடும் இடம் அது.

உழைப்புக்குக் கூலி உண்டு என்பதைப் பள்ளிக்கூடச் சுவரிலேயே படித்து வளர்ந்தவர்கள் நாம். மலைப்பாதை அந்த வாக்கைக் காப்பாற்றுகிறது. காலையெல்லாம் மூச்சு வாங்க ஏறினால், கணவாயின் உச்சியில் ஒரு பலகையும் மதியத்துக்கு மேல் ஓர் இறக்கமும் கட்டாயம் கிடைக்கும். ஏறியவரின் முகத்தில் அந்தக் கணக்கின் திருப்தி தெரியும். சமவெளியில் அப்படி ஓர் ஒப்பந்தம் கிடையாது.

காற்றசையாத நாளில், மூட்டை முடிச்சோடு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகக்கூடிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதே பலத்தோடு 20 கி.மீ. எதிர்க்காற்றில் மிதித்தால் அவர் வேகம் 11-க்கு வந்துவிடும். அதே காற்று முதுகில் வீசினால் 31, 32 வரை போகலாம். இங்கே விட்டதை அங்கே பிடித்துவிடலாம் என்றுதான் தோன்றும். அறுபது கி.மீ. தொலைவில் உள்ள ஊருக்குப் போய்த் திரும்புவதாக வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காற்றில்லாத நாளில் போக வர ஆறு மணி நேரம். காற்றடிக்கும் நாளில் போக ஐந்தரை, வர இரண்டுக்கும் சற்றுக் குறைவு; ஆக மொத்தம் ஏழேகாலைத் தாண்டிவிடும். எடுத்ததும் கொடுத்ததும் ஒரே காற்றுதான். ஆனாலும் ஒன்றேகால் மணி நேரம் காணோம். எதிர்க்காற்றில் அதிக நேரம் கிடக்கிறோம், பின்காற்றில் சீக்கிரம் வந்துவிடுகிறோம் என்பதுதான் காரணம். சனிக்கிழமைக் கூலியில் மேஸ்திரி பிடித்துக்கொள்வது மாதிரி. கேட்டால் கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

திசையைப் புத்திசாலித்தனமாகத் தேர்ந்துகொண்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அமெரிக்காவில் காற்று மேற்கிலிருந்து கிழக்கே போகிறது, ஆகவே கிழக்கு நோக்கி மிதித்தால் நாடு முழுக்க முதுகில் தள்ளிக்கொண்டே வரும் என்பது அவர்கள் யோசனை. விமானம் பறக்கும் உயரத்தில் அது பெரும்பாலும் உண்மை. சைக்கிள் போகும் உயரத்தில், கோடைகாலக் கன்சாஸில், காற்று பெரும்பாலும் தெற்கிலிருந்து வருகிறது. சில நாள் தென்கிழக்கிலிருந்து. கிழக்கே போகிறவருக்கு அது வலது கன்னத்தில் அடிக்கும்.

பக்கக்காற்று யாருக்கும் பாரபட்சம் காட்டாது என்பார்கள். அது ஒரு வகையில் சரி. நேர் குறுக்கே அடிக்கும் காற்றும் சைக்கிளின் வேகத்தைக் குறைக்கும். மிதிப்பவர் முன்னோக்கிப் போவதால் வரும் காற்றோடு பக்கக்காற்றும் சேர்ந்துகொள்ள, மொத்தத் தடை கூடிவிடுகிறது. அதனால் சமவெளி ஊர் ஒன்றின் சாப்பாட்டுக் கடையில் கிழக்கே போகிற ஒருவரும் மேற்கே போகிற ஒருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, இன்று முழுக்க எதிர்க்காற்று என்று ஒருவரிடம் ஒருவர் புலம்பிக்கொள்ள முடிகிறது. ரெண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பக்கத்து மேசை விவசாயிதான் பாவம், எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாமல் காபியைக் குடித்துக்கொண்டிருப்பார்.

அனுபவப்பட்டவர்கள் விடியற்காலை நாலு மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் தரையை ஒட்டிய காற்று கனத்துப் படுத்துக்கொள்கிறது. தெற்கிலிருந்து வரும் பலத்த காற்று அதற்கு மேலே, சில நூறு மீட்டர் உயரத்தில், தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். வெயில் ஏறித் தரை சூடானதும் கீழ்க்காற்று மேலே கிளம்ப, மேலே இருந்த வேகம் கீழே இறங்குகிறது. ஒன்பது, பத்து மணிக்கு மேல் ரோட்டோரப் புல் ஒரே பக்கமாய்ச் சாயத் தொடங்கும். அதன்பின் மாலைவரை அது நிமிராது.

அந்தப் பகல்பொழுதைப் பயணிகள் எழுதி வைத்த குறிப்புகளில் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வருகிறது: குதிர். ஒவ்வோர் ஊரிலும் ரயில் பாதை ஓரமாகக் கோதுமை சேமிக்கும் வெள்ளைக் கான்கிரீட் குதிர்கள், பத்துப் பன்னிரண்டு மாடி உயரத்தில், வரிசையாக நிற்கின்றன. தடையேதும் இல்லாத வெளியில் இருபது கி.மீ.க்கு அப்பாலிருந்தே தெரியும். முதலில் தொடுவானத்தில் ஒரு பல் முளைத்தாற்போல. அரை மணி நேரம் தலையைக் குனிந்து மிதித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அதே பல். தலைக்கவசத்தின் வாரில் காற்று விடாமல் உறுமுகிறது. பின்னால் வரும் லாரியின் சத்தம் காதுக்கு எட்டுவதே இல்லை. எதிரே மாடு ஏற்றிய லாரி ஒன்று கடக்கும்போது முகத்தில் ஓர் அறை, உடனே பக்கவாட்டில் ஓர் இழுப்பு, கடைசியாகச் சாணி நாற்றம். தண்ணீர் குடிக்க ஒரு கையை எடுத்தால் சைக்கிள் ரோட்டின் நடுப்பக்கம் சரிகிறது. வேகம் காட்டும் கருவியைத் துணியால் மூடிக் கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது, பல்லுக்கு இடையே கோடு விழுந்து தனித்தனி உருளையாகியிருக்கும். அடுத்த ஒரு மணி நேரத்தில் உருளையின் மேல் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரைப் படிக்கலாம். ஊருக்குள் நுழைந்தால் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும்.

ஊர்க்காரர்கள் நல்லவர்கள். கன்சாஸின் சிற்றூர்கள் பலவற்றில் ஊர்ப் பூங்காவில் கூடாரம் போட்டுக்கொள்ள விடுகிறார்கள், காசு வாங்குவதில்லை. நீச்சல்குளத்தில் குளிக்கவும் முடியும். ஜூன் மாதமானால் டெக்சாஸிலிருந்து வடக்கே கோதுமை பழுக்கப் பழுக்க நகர்ந்து வரும் அறுவடைக் கூட்டங்களும் அதே ஊர்களில் தங்குகின்றன. வெளியூர்க்காரன் ஒருவன் வந்து பசிக்குச் சாப்பிடுகிறான் என்பதே அங்கே ஒரு சந்தோஷம். எல்லை தாண்டிய முதல் கன்சாஸ் மாவட்டத்தின் பெயர் க்ரீலி. அதன் தலைநகர் ட்ரிப்யூன், பக்கத்திலேயே ஹொரஸ் என்று இன்னோர் ஊர். மூன்றும் ஒரே ஆளின் நினைவாக: நியூயார்க் ட்ரிப்யூன் பத்திரிகையின் ஆசிரியர் ஹொரஸ் க்ரீலி, இளைஞர்களை மேற்கே போகச் சொன்னவர் என்று பெயர் பெற்றவர். 2020 கணக்கெடுப்பில் அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 1,300-ஐ எட்டவில்லை. இளைஞர்கள் அவர் சொன்னதைக் கேட்டு வந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் வேறு யார் சொன்னதையோ கேட்டுப் போய்விட்டார்கள்.

வந்தவர்கள் சோம்பேறிகள் அல்ல. 1862-ன் குடியேற்றச் சட்டம் ஆளுக்கு 160 ஏக்கர் தந்தது: ஐந்து வருஷம் தங்கி உழுதால் நிலம் சொந்தம். மழை போதாத பூமி என்பது அரசுக்கும் தெரியும். உழ உழ மழை தானாகக் கூடும் என்று 1880-களில் ரயில் கம்பெனிகளும் நிலத் தரகர்களும் மட்டுமல்ல, படித்த சிலரும் நம்பவைத்தார்கள். உழைப்பு வானத்தையே மாற்றும் என்ற நம்பிக்கை அது. வேர் பின்னிக் கிடந்த புல்தரையைக் கிழித்து உழுதார்கள், இரண்டு தலைமுறை. 1930-களில் மழை நின்றபோது பிடிமானம் இல்லாத மண்ணைக் காற்று அள்ளிக்கொண்டு போனது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலை இருட்டாக்கிய புழுதிப்புயலுக்குக் கறுப்பு ஞாயிறு என்று பெயர். சோம்பலாக உழுதவனின் மண் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

ஆளில்லாத வெளி, வெற்றிடம், ஒன்றுமில்லாத ஊர் என்று இந்தப் பகுதியைப் பற்றிப் பயணிகள் எழுதுவது வழக்கம். கொலராடோவின் கடைசி மாவட்டமான கயோவாவில் 4,600 சதுர கி.மீ. பரப்புக்குச் சுமார் 1,400 பேர்தான். அதன் வழியே 96-ஆம் எண் சாலையில் கிழக்கே போகிறவர் வரிசையாக ஹேஸ்வெல், கலட்டியா, ஈட்ஸ், சிவிங்டன், பிராண்டன் என்ற ஊர்களைக் கடக்கிறார். 1887-ல் ரயில் பாதை போட்டபோது கன்சாஸ் எல்லையிலிருந்து மேற்காக ஆங்கில எழுத்து வரிசையில் வைத்த பெயர்கள் அவை. கிழக்கே போகிறவருக்கு அகரவரிசை தலைகீழாக வரும். பெயர் வைத்தவர்களுக்கு மூன்றாவது எழுத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. கர்னல் ஜான் சிவிங்டனின் பெயரை வைத்தார்கள்.

மெதடிஸ்ட் சபைப் போதகராக இருந்து படைக்கு வந்தவர் சிவிங்டன். 1864 நவம்பர் 29 விடியற்காலையில் சுமார் 675 சிப்பாய்களோடு சாண்ட் கிரீக் என்ற ஓடைக்கரையில் தங்கியிருந்த ஷையன், அரப்பஹோ பழங்குடி மக்களின் முகாமைத் தாக்கினார். சமாதானம் பேசிவிட்டு, தங்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்று நம்பி முகாமிட்டிருந்தவர்கள் அவர்கள். தலைவர் பிளாக் கெட்டில் தன் கூடாரத்தின் மேல் அமெரிக்கக் கொடியை ஏற்றியிருந்தார், கூடவே வெள்ளைக் கொடியையும். சுமார் 230 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். தன் சிப்பாய்களைச் சுட விடாமல் நிறுத்தி வைத்த கேப்டன் சைலஸ் சோல் நடந்ததைக் கடிதமாக எழுதினார், விசாரணையில் சாட்சி சொன்னார். 1865 ஏப்ரலில் டென்வர் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடாளுமன்றக் குழு விசாரித்துக் கடுமையாகக் கண்டித்தது. யாரும் தண்டிக்கப்படவில்லை. சிவிங்டன் 1894 வரை வாழ்ந்தார்; தன் பெயரில் ஓர் ஊர் வந்ததைப் பார்க்கும் அளவுக்கு.

அந்த ஊரில் இப்போது பெரும்பாலும் இடிந்த சுவர்கள். சாலையிலிருந்து வடக்கே பதினான்கு, பதினைந்து கி.மீ. போனால் சாண்ட் கிரீக் நினைவிடம் இருக்கிறது. 2007-ல் தேசிய வரலாற்றுத் தலமாக அர்ப்பணிக்கப்பட்டது. போகும் வழிக்கு, அங்கே கொல்லப்பட்ட தலைவர்களில் ஒருவரான ஒயிட் ஆன்டிலோப்பின் பெயர். கொன்றவரின் பெயரிலுள்ள ஊரில் திரும்பி, கொல்லப்பட்டவரின் பெயரிலுள்ள ரோட்டில் போக வேண்டும். 1864-ல் கொலராடோவின் ஆளுநராக இருந்த ஜான் எவன்ஸின் பெயர் தாங்கிய மலைக்கு 2023-ல் பெயர் மாற்றிவிட்டார்கள். சிவிங்டனுக்கு அந்த அளவு மவுசு இல்லாததால் அப்படியே இருக்கிறது. ரோட்டில் ஒரு பகுதி வெறும் மண்பாதை. கோடையில் போகும்போது தெற்குக் காற்று முதுகில் தள்ளும். திரும்பும்போது முகத்தில் அடிக்கும். கிழக்கே அடுத்த ஊரின் குதிர்களைக் குறிவைத்துக் கிளம்பியவர்களில் பலர் அந்த முப்பது கி.மீ.யை வீண் செலவு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. நாளின் கணக்கு அப்படி. வெற்றிடம் என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடலாம்.

வரைபடம் அச்சாகும் அதே மிசூலாவிலிருந்து, இந்தப் பாதையெல்லாம் பிறப்பதற்கு முன்பே, ஒரு கூட்டம் சமவெளியைச் சைக்கிளில் கடந்திருக்கிறது. 1897 ஜூன் 14 அன்று மிசூலா கோட்டையிலிருந்து 25-ஆம் காலாட்படையின் கறுப்பினச் சிப்பாய்கள் 20 பேர் செயின்ட் லூயிஸ் நகரத்துக்குக் கிளம்பினார்கள். குதிரைக்குப் பதிலாகச் சைக்கிள் படைக்கு உதவுமா என்று பார்க்கும் சோதனை. யோசனை, தலைமை இரண்டும் வெள்ளையரான லெப்டினன்ட் ஜேம்ஸ் மாஸ். கூட ஒரு மருத்துவர், ஒரு பத்திரிகையாளர். ஸ்பால்டிங் கம்பெனி தந்த ஒற்றைக் கியர் சைக்கிள், மூட்டையோடு 27 கிலோ அளவுக்குக் கனம். அது போகத் தோளில் துப்பாக்கி. மொன்டானாவில் மழையும் சேறும். நெப்ராஸ்காவின் மணல்மேடுகளில் சக்கரம் புதைந்ததால் ரயில் பாதையின் கட்டைகள் மேல் சைக்கிளைத் தடதடவென்று உருட்டிக்கொண்டு போனார்கள். குடிக்கக் கிடைத்தது காரத்தன்மையுள்ள உப்புத் தண்ணீர். அதைக் குடித்துப் பலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்கள். 41 நாளில் ஏறக்குறைய 3,000 கி.மீ. ஜூலை 24 அன்று செயின்ட் லூயிஸ் போய்ச் சேர்ந்தபோது ஊர் திரண்டு வரவேற்றது.

இன்று சமவெளியில் மிதிக்கிறவருக்குக் காற்று பொறுக்கவில்லையென்றால் ஒரு நாள் ஈட்ஸ் ஊரில் படுத்துக்கொள்ளலாம். பிக்-அப் வண்டி ஒன்றை நிறுத்தி, சைக்கிளைப் பின்னால் போட்டுக்கொண்டு அடுத்த ஊரில் இறங்கிக்கொள்ளலாம். பயண நண்பர்கள் கொஞ்சம் கேலி செய்வார்கள், அவ்வளவுதான். துன்பத்தை விலை கொடுத்து வாங்குகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் உரிமையும் சேர்ந்தே கிடைக்கிறது. தப்பென்று சொல்லவில்லை, அது இருப்பதால்தான் அதற்கு உல்லாசப் பயணம் என்று பெயர்.

மாஸ் தன் அறிக்கையில் சோதனை வெற்றி என்று எழுதினார். படைத் தலைமைக்கு அதற்கு மேல் ஆர்வமில்லை. சிப்பாய்கள் ரயிலில் மிசூலா திரும்பினார்கள். மறுவருஷம் ஸ்பெயினோடு போர் வந்து, 25-ஆம் படை சைக்கிள் இல்லாமல் கியூபாவுக்குப் போனது. சைக்கிள் பயணத்தில் சிப்பாய்களுக்கு மூத்தவராக இருந்த மிங்கோ சாண்டர்ஸும் போனார். பசியோடு இருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டின் படைக்கு, அவர் கேட்டுக்கொண்டதன்பேரில், தங்கள் ரொட்டியிலிருந்து பங்கு கொடுத்ததாகச் சாண்டர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1906-ல் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் ஊரில் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்தது. பழி 25-ஆம் படையின் மேல் விழுந்தது. சுட்டது யார் என்று ஒருவரும் காட்டிக்கொடுக்கவில்லை; தாங்கள் யாரும் சுடவில்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். அப்போது ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட், விசாரணை மன்றம் ஏதுமின்றி 167 பேரையும் ஒரே உத்தரவில் வீட்டுக்கு அனுப்பினார். ஓய்வூதியமும் போனது. கால் நூற்றாண்டு வேலை பார்த்து, ஓய்வு பெறும் நாளை நெருங்கிக்கொண்டிருந்த சாண்டர்ஸும் அந்தப் பட்டியலில் இருந்தார். வாஷிங்டன் போய் முறையிட்டார்; பலனில்லை. 1929-ல் இறந்தார். அந்த 167 பேரும் குற்றமற்றவர்கள் என்று ராணுவம் 1972-ல் அறிவித்தது. பணிநீக்கத்தை மரியாதையான விடுவிப்பாக ஏட்டில் திருத்தி எழுதியது. நிலுவைச் சம்பளம் மட்டும் கிடையாது என்றது.